நாணும் தொடலியும்

சிவனொளிபாதமலைக்கு அற்றன் வழியாகச் செல்லும் யாத்திரிகரை மஸ்கெலியா வீதி நல்லதண்ணியிற் கொண்டுவந்து சேர்க்கின்றது. மார்கழிப் பூரணை தொடக்கம் வைகாசிப் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலத்தில் இரவு வேளையிலே அங்கு நின்று மேலே நோக்குவோர்க்கு ஓர் அரிய காட்சி கிடைக்கும். படிவழி நெடுகிலும் ஏற்றப்பட்ட விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்து, இருளில் எழுதிய ஒரு வளைகோடு போல 2243 மீற்றர் உயரமுள்ள சிகரத்தைச் சென்று தொடுகின்றன. அக்கோடு அடியில் மெல்லச் சாய்ந்து, சமாதானத் தாதுகோபத்தைக் கடந்தபின் நிமிர்ந்து, சிகரத்தை அண்மிய இடத்திலே கைபிடிக் கம்பியின்றி ஏறவியலாதபடி செங்குத்தாகின்றது.

“இம்மலை எவ்வளவு செங்குத்தானது?” என்று ஒருவர் வினவின் நாம் யாது விடை கூறுவோம்? ஏறிய உயரத்தைக் கடந்த கிடைத்தூரத்தால் வகுத்து ஓர் எண்ணைச் சொல்லலாம். அது பிழையான விடையன்று. ஆயின், அவ்வெண் அடிவாரத்தில் நிற்பவர்க்கும் பொருந்தாது; கம்பியைப் பற்றி மூச்சு வாங்குபவர்க்கும் பொருந்தாது. முழுவழிக்கும் உரிய சரிவு ஒன்று. நாம் இப்பொழுது கால் ஊன்றிநிற்கும் இடத்தின் சரிவு வேறொன்று. முன்னையதை நாணின் சரிவு என்றும் பின்னையதைத் தொடலியின் சரிவு என்றும் கணிதநூலார் கூறுவர்.

“சைனை வகையிட்டாற் கோசைன்” என்ற வாய்பாட்டை உயர்தர வகுப்பு மாணவர் அனைவரும் அறிவர். கல்லூரியை விட்டுப் பல்லாண்டு கழிந்த பழைய மாணவர் சிலர்க்கும் அவ்வடி மட்டும் நினைவில் நிற்கக்கூடும். அவ்வாய்பாடு எங்கிருந்து வந்தது, அதனைக் கொண்டு ஒரு வளையியின் தொடலியைக் காண்பது எவ்வாறு, மலைச்சரிவில் வாழும் மக்களுக்கு அதனால் ஆவது யாது என்னும் மூன்றையும் இம்மலரிலே சுருக்கமாக ஆராய முற்படுகின்றோம்.

படியும் படித்திறனும்

ஒரு கோட்டின் சரிவைக் குறிக்க எமது பாடநூல்கள் வழங்குஞ் சொல் ‘படித்திறன்’ என்பதாம். அச்சொல்லினுள்ளே ‘படி’ என்னுஞ் சொல் அமைந்திருத்தல் எமக்கு வாய்ப்பாயிற்று. நல்லதண்ணியிலிருந்து மேலேறும் வழியில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள. அவற்றுள் ஒரு படியின் உயரம் 15 சதமமீற்றர் என்றும் அதன் அகலம் 45 சதமமீற்றர் என்றும் கொள்வோம். உயரத்தை அகலத்தால் வகுக்க மூன்றில் ஒன்று என வரும். அதுவே அவ்விடத்தின் படித்திறன். இன்னோரிடத்திலே உயரம் 20, அகலம் 25 எனின், படித்திறன் ஐந்தில் நான்கு ஆகும். இவ்வாறு ஒவ்வொரு படியும் தான் இருக்கும் இடத்தின் சரிவைத் தானே சொல்லி நிற்கின்றது.

அடிவாரத்தையும் சிகரத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அது நெடிய நாண். அடுத்தடுத்த இரு படிகளின் விளிம்புகளை இணைத்தால் அது குறுகிய நாண். படி சிறிதாகுந்தோறும் நாண் குறுகும். நாண் குறுகுந்தோறும் அதன் படித்திறன் அவ்விடத்தின் உண்மைச் சரிவை அணுகும். அவ்வாறு அணுகிச் சென்று எய்தும் எல்லையையே ‘பெறுதி’ என்கின்றோம். குறித்த புள்ளியினூடாக அப்படித்திறனுடன் செல்லும் நேர்கோடே தொடலி. வகையீட்டு நுண்கணிதத்தின் அடிப்படை இவ்வளவே.

ஆரியபடரின் பட்டியல்

சைன் என்பது மேனாட்டிலிருந்து வந்த பொருள் என்று எண்ணுவோர் உளர். சொல்லின் வரலாறு வேறு கதை கூறுகின்றது. வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளையும் இணைக்குங் கோட்டை நாண் என்றும் நாம் இன்றும் வழங்குகின்றோம். வடமொழியில் வில்லின் நாணுக்கு ‘ஜ்யா’ என்று பெயர். வானநூலார் அரைநாணையே பெரிதும் பயன்படுத்தினமையால் அப்பெயர் அரைநாணுக்கு ஆயிற்று. அச்சொல் ‘ஜீவா’ என்னும் வடிவில் அரபு மொழியிற் புகுந்து திரிந்து, பின்னர் இலத்தீனில் ‘சைனஸ்’ என மொழிபெயர்க்கப்பட்டு, ‘சைன்’ என எம்மிடமே திரும்பியது.

கி.பி. 499இல் எழுந்த ஆரியபடீயத்திலே ஆரியபடர் இவ்வரைநாண்களுக்கு ஒரு பட்டியல் தந்தார். 90 பாகையை 24 சம பகுதிகளாக்க ஒரு பகுதி 225 கலையாகும். ஆரையை 3438 எனக் கொண்டார். அவர் அரைநாண்களை நேரே தராது, ஒவ்வொன்றும் முன்னையதினும் எவ்வளவு மிகும் என்னும் வேறுபாடுகளையே தந்தார். அவை 225, 224, 222, 219, 215, 210, 205, 199 எனத் தொடங்கி, 51, 37, 22, 7 என முடிகின்றன. முதல் எட்டையுங் கூட்ட 1719 வரும். அது 3438இன் சரிபாதி. 30 பாகையின் சைன் அரை என்பதை மாணவர் இதிற் காண்க.

இவ்வேறுபாடுகள் ஏன் குறைந்து செல்கின்றன? கால்வட்ட வில்லின் அடியிற் புறப்படும் ஒருவர் தொடக்கத்தில் நேரே மேல்நோக்கி ஏறுகின்றார். உச்சியை அண்மித்ததும் ஏறக்குறையப் பக்கவாட்டிற் செல்கின்றார். எனவே உயரம் முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் வளரும். எவ்விதியின்படி குறைகின்றது என்பதையும் சோதிக்கலாம். எட்டாம் பகுதியின் நடுக்கோணம் 28 பாகை 7½ கலை. அதன் கோசைன் 0.882. அதனை 225ஆற் பெருக்க 198.4 வரும், பட்டியலில் உள்ளது 199. பன்னிரண்டாம் பகுதியின் நடுவில், 43 பாகை 7½ கலையில், கோசைன் 0.730, பெருக்க 164.2 வரும், பட்டியலில் 164. பதினாறாம் பகுதியில் 118.8 வரும், பட்டியலில் 119. சைனின் ஏற்றம் கோசைனைத் தொடர்ந்து செல்கின்றது என்பது ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்திய எண்களிலேயே பொதிந்து கிடக்கின்றது.

இதனை வெளிப்படையாகப் பயன்படுத்தியோருள் ஒருவர் இரண்டாம் பாஸ்கரர். 1150இல் அவர் இயற்றிய சித்தாந்த சிரோமணியிலே ‘தாற்காலிக கதி’, அஃதாவது அக்கணத்துக்குரிய வேகம், பேசப்படுகின்றது. சந்திரன் ஒருநாளிற் செல்லும் தூரத்தை அறிந்தால் மட்டும் திதி முடியும் வேளையைச் செவ்வனே கணித்துவிட முடியாது. அதன் வேகம் கணந்தோறும் மாறுவது. நாள்முழுவதற்கும் உரிய வேகம் நாண். அக்கணத்து வேகம் தொடலி. கோணத்திலே சிறு மாற்றம் நேரும்போது சைனில் நேரும் மாற்றம் கோசைனுக்கு விகிதசமமாம் என்பதை அவர் கையாண்டார். பின்னர்ச் சேரநாட்டிற் சங்கமக்கிராமத்து மாதவரும் அவர் வழிவந்தோரும் சைனுக்கும் கோசைனுக்கும் முடிவிலாத் தொடர்களையே கண்டனர். மேனாட்டிலே லைப்னிற்சு தொடலிகள் பற்றிய தமது கட்டுரையை 1684இல் வெளியிட்டார். எல்லாச் சார்புகளுக்கும் பொருந்தும் பொதுமுறையை வகுத்த பெருமை நியூற்றனுக்கும் லைப்னிற்சுக்கும் உரியது. அதனைக் குறைத்தல் எம் நோக்கமன்று. சைனின் தொடலி எமது வானநூலுக்கு அந்நியமன்று என்பதே நாம் சொல்ல வந்தது.

நிறுவல்

இனி, பட்டியலிற் கண்டதை முறைப்படி நிறுவுவாம். கிடைத்தூரத்தைக் ‘க’ என்றும் உயரத்தை ‘உ’ என்றும், க அடையும் சிறு ஏற்றத்தைச் ‘சி’ என்றுங் குறிப்போம். வளையி உ = சைன் க என்க. திரிகோண கணிதத்தில் நாம் கற்ற சூத்திரப்படி,

சைன் (க + சி) − சைன் க = 2 × கோசைன் (க + சி ÷ 2) × சைன் (சி ÷ 2).

இருபுறமும் சியால் வகுக்க, நாணின் படித்திறன் இரு காரணிகளின் பெருக்கமாக அமையும். ஒன்று, கோசைன் (க + சி ÷ 2). மற்றது, சைன் (சி ÷ 2) ஐ (சி ÷ 2) ஆல் வகுத்து வரும் ஈவு. சி பூச்சியத்தை அணுகும்போது முதற்காரணி கோசைன் க ஆகின்றது. சிறிய கோணத்தில் வில்லும் அரைநாணும் ஏறக்குறைய ஒன்றாதலின், இரண்டாவது காரணி 1 ஆகின்றது. ஆகவே, சைன் கவின் பெறுதி கோசைன் க. ஆரியபடரின் எண்களை நடுக்கோணத்தின் கோசைனால் நாம் சோதித்தது ஏன் என்பது மேற்காட்டிய சூத்திரத்தின் முதற்காரணியால் விளங்கும்.

ஈண்டு ஒரு நிபந்தனையை மறத்தலாகாது. வில்லும் அரைநாணும் ஒரே அலகில் அளக்கப்பட்டால் மாத்திரமே இரண்டாவது காரணி 1 ஆகும். கோணத்தை ஆரையனில் அளப்பதன் காரணம் இதுவே. ஆரியபடர் 3438 என்னும் எண்ணை ஆரையாகத் தெரிந்ததும் இதனோடு ஒத்ததே. வட்டத்தின் சுற்றளவான 21600 கலையை 2 பையால் வகுக்க ஏறத்தாழ 3438 வரும். ஆகவே அவர் ஆரையையும் வில்லையும் கலை என்னும் ஒரே அலகில் அளந்தார். அவரது முதல் வேறுபாடு 225 ஆகவும் முதல் வில் 225 ஆகவும் இருத்தல் அதனாலேயாம்.

தொடலியின் சமன்பாடு

உ = சைன் க என்னும் வளையிக்கு, க = பை ÷ 6 ஆகும் புள்ளியில், அஃதாவது 30 பாகையில், தொடலியைக் காண்போம். மூன்று படிகளே வேண்டும். முதலாவது, புள்ளியைக் காண்க: க = 0.5236, உ = 0.5. இரண்டாவது, அப்புள்ளியிற் படித்திறனைக் காண்க: கோசைன் 30 பாகை = 0.8660. மூன்றாவது, அப்புள்ளியினூடாக அப்படித்திறனுடைய கோட்டை எழுதுக:

உ = 0.5 + 0.8660 × (க − 0.5236).

இதனைச் சோதித்தல் நன்று. 32 பாகையில் க − 0.5236 = 0.0349. தொடலி தரும் விடை 0.5302, சைன் 32 பாகையின் உண்மைப் பெறுமானம் 0.5299. வேறுபாடு மிகச் சிறிது. 60 பாகையிலோ தொடலி 0.9534 என்கின்றது, உண்மை 0.8660. தொடலி தொட்ட இடத்துக்கு அண்மையில் நம்பத்தக்கது. தூரஞ் செல்லச் செல்ல அதன் சொல் செல்லாது.

மாணவர் வழக்கமாகத் தவறும் இடங்கள் இரண்டு. முதலாவது, ஆரையனுக்குப் பதிலாகப் பாகையைப் பிரதியிடுதல். மேற்காட்டிய கணக்கில் 2 பாகை ஏற்றத்தை 2 என்றே வைத்தால் உ = 2.232 என வரும். சைன் ஒருபோதும் 1ஐ விஞ்சாது. எனவே பிழை உடனே வெளியாகும். விடையை எழுதியபின் அது நடக்கக்கூடியதா என்று ஒருமுறை பார்க்கும் பழக்கம் பல புள்ளிகளைக் காப்பாற்றும்.

இரண்டாவது, தொடலி வளையியை ஒரே புள்ளியிலேயே சந்திக்கும், ஒருபோதும் வெட்டாது என்ற எண்ணம். இது வட்டத்திற் கற்றதை எல்லா வளையிக்கும் ஏற்றியதனால் விளைவது. உ = சைன் க வளையிக்கு உற்பத்திப் புள்ளியிலே தொடலி உ = க. அது வளையியைத் தொடும் புள்ளியிலேயே ஊடறுத்து மறுபுறஞ் செல்கின்றது. உ = 1 என்னும் கிடைக்கோடோ ஒவ்வொரு முகட்டிலும் வளையியைத் தொட்டுச் செல்கின்றது. தொடலிக்கு இலக்கணம் எத்தனை இடத்திற் சந்திக்கின்றது என்பதன்று. தொட்ட புள்ளியிலே படித்திறன் ஒத்திருத்தலே.

மலைச்சரிவில் ஒரு கணக்கு

இனி மீண்டும் மலைநாட்டுக்கு வருவோம். தேயிலைக் குன்றுகள் பலவும் அடியில் வளைந்து தொடங்கி, இடையிற் செங்குத்தாகி, முகட்டிலே வளைந்து தணிகின்றன. அவ்வடிவுடைய ஒரு சரிவைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கிடைத்தூரம் 300 மீற்றர். உயரம் 100 மீற்றர். அதன் வளையி,

உ = 50 − 50 × கோசைன் (பை × க ÷ 300).

அடிமுதல் முடிவரையுள்ள நாணின் படித்திறன் 100 ÷ 300, அஃதாவது 0.3333. தாஞ்சன் பட்டியலின்படி அது 18 பாகை 26 கலைச் சாய்வு. இனி நடுப்புள்ளியைச் சுற்றி நாணைக் குறுக்கிக்கொண்டு வருவோம். 200 மீற்றர் அகலமுள்ள நாணின் படித்திறன் 0.4330. 100 மீற்றர் அகலத்தில் 0.5000. 20 மீற்றர் அகலத்தில் 0.5226. குன்று மாறவில்லை, நாம் அளக்குங் கோல் குறுகியது, அவ்வளவே. ஆயினும் சரிவு ஏறிக்கொண்டே போகின்றது.

எல்லையை வகையீடு தருகின்றது. கோசைனை வகையிட்டால் மறைச் சைன் வரும். உள்ளே நிற்கும் பை ÷ 300 என்னும் குணகத்தாலும் பெருக்கவேண்டும். எனவே பெறுதி (பை ÷ 6) × சைன் (பை × க ÷ 300). குணகத்தை மறந்தவர்க்கு நடுப்புள்ளியில் 50 என்னும் படித்திறன் கிடைக்கும். அது 88 பாகையையும் விஞ்சிய செங்குத்துப் பாறை. அங்கே தேயிலை நாட்டவொண்ணாது. சரியான விடை, க = 150இல், பை ÷ 6 = 0.5236, சாய்வு 27 பாகை 38 கலை. அப்புள்ளியிலே தொடலி,

உ = 50 + 0.5236 × (க − 150).

சராசரி 18 பாகையென அறிக்கை கூறும் குன்றின் இடையிலே 27 பாகைக்கு மேற்பட்ட சரிவு ஒளிந்திருந்தது. 0.5236ஐ 0.3333ஆல் வகுத்தால் பை ÷ 2, அஃதாவது 1.57 வரும். குன்று பெரிதாயினும் சிறிதாயினும், வடிவம் இதுவாயின் இவ்விகிதம் மாறாது. படித்திறன் சராசரிக்குச் சமமாகும் இடங்களையும் காணலாம். அவை க = 65.9, க = 234.1 ஆகிய இரண்டே. அவற்றுக்கு இடைப்பட்ட 168 மீற்றரும், அஃதாவது சரிவின் அகலத்திலே பாதிக்கும் மேற்பட்ட பகுதி, சராசரியை விடச் செங்குத்தானது.

இது ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடும் செய்தியன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, பதுளை மாவட்டத்திலே கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மண்ணுள் மூடியது. அவ்வீடுகளில் வாழ்ந்தோர் எம்மவர். மண்சரிவுக்குச் சாய்வு ஒன்றே காரணமன்று. பாறையின் இயல்பு, அதன்மேற் படிந்த மண்ணின் தடிப்பு, நீர் வடியும் வழி, நிலத்தின் பயன்பாடு, பெய்யும் மழை ஆகிய யாவும் சேர்ந்தே அதனை விளைவிக்கும். ஆயினும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரையும்போது கருதும் காரணிகளுட் சாய்வும் ஒன்று. அச்சாய்வை எத்துணைச் சிறிய நாணால் அளந்தனர் என்பதைப் பொறுத்தே அவ்வெண்ணின் உண்மை அமையும். உயரம் அளந்த புள்ளிகள் ஒன்றுக்கொன்று தூரமாயின், இடையிலுள்ள செங்குத்து எண்ணில் ஏறாது மறையும். ஒரு வீட்டை எங்கே கட்டுவது என்னும் வினாவுக்குக் குன்றின் சராசரியைக் கொண்டு விடை கூறுதல் தகாது. வீடு நிற்கும் இடத்தின் சரிவையே கேட்டறிதல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

நல்லதண்ணிக்கு யாத்திரை செல்லும் மாணவர் ஓர் அடிமட்டத்தையும் குறிப்பேட்டையும் உடன்கொண்டு செல்வாராக. நூறு படிகளுக்கு ஒருமுறை, பிறர்க்கு இடையூறின்றி ஒதுங்கிநின்று, ஒரு படியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து குறிப்பாராக. வீடு திரும்பியபின் உயரத்தை அகலத்தால் வகுத்து, வந்த எண்களை வரைபுத்தாளிலே புள்ளிகளாக இடுவாராக. படிகளுக்கிடையே மட்டமான நடைவழி வரும் இடங்களிற் பூச்சியம் என்று குறிப்பாராக. அவ்வாறு கிடைக்கும் வளையி மலையின் வடிவம் அன்று, மலையின் பெறுதி. அது எங்கே உயர்ந்து நிற்கின்றதோ அங்கேதான் முன்னர் மூச்சு வாங்கியது என்பதைக் கண்டு மகிழலாம்.

எமது பழைய மாணவருள் நிலஅளவையாளரும் பொறியியலாளரும் ஆசிரியரும் பலர் உளர். அன்னார் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றுக்குச் செல்ல நேரின், இக்கணக்கை அங்குள்ள பிள்ளைகளோடு அவர்கள் குடியிருக்கும் சரிவிலேயே ஒருமுறை செய்துகாட்டுவாராயின் பெரிதும் நன்றாகும். ஒரு பாகைமானியும், நூலிற் கட்டிய ஒரு கல்லும் அதற்குப் போதும். தன் வீட்டு வாயிலின் சாய்வைத் தானே அளந்த பிள்ளைக்குக் கோசைன் வெறும் மனப்பாடமாக இராது. அபாய வலய வரைபடம் ஒன்று தோட்டத்துக்கு வரும்போது, இவ்வெண் எந்த இடத்துக்கு உரியது, எவ்வளவு தூர இடைவெளியில் அளந்தது என்று கேட்கவும் அப்பிள்ளை அறிந்திருக்கும்.